அறுபது துளை மருதமரம்

டொக்... டொக்... டொக்.

முட்டைக்குள் இருந்தபோது தாய் மைனா கேட்ட முதல் சத்தம் அது. ஏரிக்கரைக் காட்டில் அப்போது ஒரே ஒரு மரங்கொத்திதான். அது மரத்தில் துளை போட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும். கிளிகளும் மைனாக்களும் பழத்தோடு வரிசையில் நிற்கும்.

"துளை போடத் தெரிந்தவன் பசித்துக் கிடக்கமாட்டான்!" என்றது காடு.

பிறகு மரங்கொத்திகள் பெருகின. வீடு போடுவதை விட்டுவிட்டுத் துளை போடச் சொல்லித்தரும் பள்ளிகளைத் திறந்தன. மரத்துக்கு ஒரு பள்ளி. அணில் பிள்ளையும் புறாப் பிள்ளையும்கூடச் சேர்ந்தன. ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகப் படித்து வெளியே வந்தன. ஆனால் துளை போட மரம் இல்லை. எல்லா மரமும் பள்ளியாகியிருந்தது! படித்ததுகள் ஏரிக்கரையில் எறும்பு பொறுக்கின. அதைப் பார்த்த பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதை மெல்ல நிறுத்தினார்கள்.

தாய் மைனாவின் காதில் மட்டும் அந்தப் பழைய சத்தம் இருந்தது.

ஒருநாள் மருதமரத்துப் பள்ளிக்கு ஆள் சேர்க்கும் காகம் வந்தது.

"அக்கா, பொண்ணை எங்கே சேர்க்கப் போறீங்க?"

"படிச்சவங்க எல்லாம் சும்மா திரியிறாங்களே தம்பி!"

"அதெல்லாம் வேற மரம்! எங்ககிட்ட முடிச்சா மறுநாளே வேலை! நாவல்பழமும் இலவசம்!"

சேரும்போது நீளச் சிறகுகளைப் பறித்து வைத்துக்கொள்வது அந்தப் பள்ளிகளின் வழக்கம். பிள்ளை நடுவில் வேறு மரத்துக்குப் பறந்துவிடக் கூடாதல்லவா?

"முடிச்சதும் அப்படியே திருப்பிக் கொடுத்துருவோம்க்கா!" என்றது காகம்.

பறித்த சிறகு எப்படி ஒட்டும் என்று தாய் கேட்கவில்லை. மகள் மஞ்சக்கண்ணியைச் சேர்த்துவிட்டாள்.

மருதமரத்தில் ஐம்பத்தெட்டுத் துளைகள் இருந்தன. ஒன்றில்கூடப் பிள்ளை இல்லை.

"மத்தவங்க எங்கே ஐயா?" என்றாள் மஞ்சக்கண்ணி.

"வருவார்கள். நீ கொத்து!" என்றார் தலைமை மரங்கொத்தி செங்கொண்டையார்.

பிள்ளைகள் குறையக் குறைய அவர் அறைகளைக் கூட்டிக்கொண்டே போனார். அறை நிறைய இருந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று நம்பினார். மஞ்சக்கண்ணி கொத்தினாள். டொக் என்று கேட்கவில்லை. தொம் என்றது. மரத்தூள் கண்ணில் கொட்டியது. எங்கோ அடியில் நீளமாக ஒரு முனகல் எழுந்தது.

"ஐயா, மரம் முனகுது! பயமா இருக்கு!"

"இன்னும் இரண்டு அறை! நாளைக்குப் பள்ளிகளைச் சோதிக்கும் பருந்து வருகிறார். அறுபது துளை, அறுபது தலை இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார். இந்த மரமும் போனால் நான் எங்கே போவேன்?" என்று சொல்லிக்கொண்டே அவரும் கொத்தத் தொடங்கினார்.

மறுநாள் காகம் எங்கெங்கோ போய்த் தலைகளைத் திரட்டி வந்தது. ஓணான், புறா, அணில் என்று துளைகள் நிறைந்தன.

"காலையிலிருந்து மூணு மரத்துல மாணவனா இருந்துட்டேன்," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தது பக்கத்துத் துளை அணில். "ஒரு மரத்துல வாத்தியாரா இருந்தேன்! நீ எந்த மரத்து ஆளு?"

"நான் நிஜமாவே படிக்கிறேன்."

அணிலின் சிரிப்பு நின்றது. "நிஜமாவா? அடப்பாவமே!"

தூரத்துக் கிளையில் இருந்த தாய் மைனாவுக்கு மகள் மரத்தைக் கொத்தும் சத்தம் கேட்டது. தொம்... தொம். அது வீடு போடுகிற சத்தமல்ல. உள்ளே ஒன்றுமில்லாததன் சத்தம். அவள் பறந்து வந்தாள்.

"என் பொண்ணை அனுப்புங்க!"

"பருந்து போகட்டும் அம்மா! ஒரு தலை குறைந்தாலும் போச்சு!"

"மரமே போகப் போகுது ஐயா!"

பருந்து மேலே வட்டமிட்டது. கீழே இறங்கவில்லை. தலைகளை மட்டும் எண்ணியது.

"அறுபது துளை! அறுபது தலை! நல்ல பள்ளி! தொடர்ந்து நடத்தலாம்!" என்று கத்திவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

அப்போது மேல்காற்று வீசியது. பெரிய காற்றுகூட இல்லை. மருதமரம் இடுப்பில் முறிந்தது.

புறாக்கள் பறந்தன. அணில் தாவியது. ஓணான்கள் பக்கத்துப் புதரில் குதித்தன. மஞ்சக்கண்ணி துளை வாசலில் இறக்கையை அடித்தாள்; காற்று அவளைத் தாங்கவில்லை.

"அம்மா!"

தாய் அவள் கழுத்தைக் கவ்வினாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். ஏரிக்கோரை அவர்களைத் தாங்கியது. செங்கொண்டையார் கடைசி அறைக்குள் இருந்தார். அவர் மரத்தோடு போனார்.

ஒரு காலத்தில் ஊரே ஏறியது என்பதற்காக, தட்டிப் பார்க்காத மரத்தில் பிள்ளையை ஏற்றக் கூடாது.

மஞ்சக்கண்ணிக்கு அந்தச் சிறகுகள் பிறகு முளைக்கவில்லை. அவள் இன்றும் ஏரிக்கரையில் நடந்துதான் இரை தேடுகிறாள்.