லட்சம் பல்பும் ஒரு டார்ச் லைட்டும்

வாகைவிளை என்று ஓர் ஊர். அந்த ஊரில் புத்திசாலிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் எல்லாரும் மற்ற வீடுகளில் இருந்தார்கள். ஆண்டியப்பன் வீட்டில் ஆண்டியப்பனும், அவர் மனைவி ஆவுடையம்மாளும், தம்பி பூதத்தானும், தம்பி மனைவி மாடத்தியும் இருந்தார்கள்.

ஆவுடையம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை. அவள் அடுப்படிச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. தேதியெல்லாம் கிழித்துத் தீர்ந்து, அட்டை மட்டும் மிச்சம். அட்டையில் மைசூர் அரண்மனை. ராத்திரி நேரம், உச்சி முதல் அடி வரை விளக்கு எரிய, தங்கத்தை உருக்கி ஊற்றினாற்போல நின்றது. தாளிக்கும்போதெல்லாம் அவள் அதையே பார்ப்பாள். கடுகு கரிந்துபோகும்.

"கண்ணை மூடுறதுக்குள்ள இந்த வெளிச்சத்தை ஒரு தடவை நேர்ல பார்த்திரணும்" என்பாள். சொன்ன கையோடு கவலையும் வந்துவிடும். "நாம போற அன்னைக்குப் பார்த்து எரியலைன்னா?"

வெளிச்சத்துக்கு அந்த வீட்டில் தனி மரியாதை உண்டு. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் கும்பிடுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஆண்டியப்பன் வீட்டில் அது சட்டம். ஒரு விளக்குக்கு ஒரு கும்பிடு. வாசல் விளக்குக்குத் தனி, கூடத்து விளக்குக்குத் தனி, அடுப்படி விளக்குக்குத் தனி. கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கும்பிட்டு முடிக்காமல் கண்ணைத் திறந்தால் வீட்டுக்கு ஆகாது. போன வருஷம் பூதத்தான் பாதியில் திறந்தான். மறுநாளே அவன் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எதிர்வீட்டு கிளாடிஸ் டீச்சர்தான் வழி சொன்னார். மைசூருக்குப் போய்வந்தவர் அவர்.

"ஞாயித்துக்கிழமை இருட்டினதும் விளக்கு போடுவாங்க. லட்சம் பல்புன்னு சொல்றாங்க. கொஞ்ச நேரம்தான் எரியும், அப்புறம் அணைச்சிடுவாங்க. அதைப் பார்க்கலைன்னா மைசூர் போனதே வீண், ஆவுடை."

"உள்ளே வழி தப்பிட்டா டீச்சர்?"

"எப்படித் தப்பும்? முன்னால போறவர் பின்னாலேயே போய்க்கிட்டே இருங்க. தானா வழி வரும்."

ஆண்டியப்பன் மூக்கை நீவிக்கொண்டார். அவர் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். "முன்னால போறவர் பின்னால" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மனதில் பதிந்துவிட்டது. இனி எந்த வெள்ளத்திலும் அது அடித்துப் போகாது.

ஆவுடையம்மாள் பை கட்டினாள். புளிச்சாதம், இருமல் மருந்து, நைலான் கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டார்ச் லைட்.

"விளக்கு பார்க்கப் போற இடத்துக்கு டார்ச் எதுக்கு மதினி?" என்றான் பூதத்தான்.

"அதைப் போய்ப் பார்க்கிற வரைக்கும் இருட்டா இருந்தா?"

சரியாகத்தான் பட்டது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆவுடையம்மாள் கேஸை மூடியாயிற்றா என்று பார்த்தாள். பூட்டினாள். பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"எங்கேம்மா போகணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

நான்கு பேர் முகமும் வெளுத்தது. கிளம்புகிறவர்களைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாமா? போகிற காரியம் கெடுமே! கேட்டுவிட்டால் திரும்ப வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பேசாமல் இறங்கினார்கள். பூட்டைத் திறந்தார்கள். உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். பூட்டினார்கள். தொங்கிப் பார்த்தார்கள். ஏறினார்கள்.

"சரி, இப்பவாவது சொல்லுங்க. எங்கே போகணும்?"

மறுபடி இறங்கினார்கள்.

குடத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

"அண்ணே, இந்த ஆளை இங்கேயே விட்டுட்டு ஆட்டோவை மட்டும் கூட்டிட்டுப் போனா என்ன?" என்றான் பூதத்தான்.

"ஓட்டுறது யாருடா?"

"ஓட்டுறதுக்கு வேணா இவரையே கூப்பிட்டுக்கலாம்."

ஆண்டியப்பன் மூக்கை நீவினார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. எந்த இடம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வழி கண்டுபிடித்தவள் மாடத்தி. நேரே போய், "அண்ணாச்சி, பழம் சாப்பிடுங்க" என்று ஒரு முழு நாட்டு வாழைப்பழத்தை ஆட்டோக்காரர் வாயில் திணித்துவிட்டாள். அந்த மனிதர் கண் பிதுங்க, கையை மட்டும் விரித்து எங்கே என்று கேட்டார். கை கேட்டால் தோஷமில்லை என்று ஆண்டியப்பன் தீர்ப்புச் சொன்னார். ரயில் நிலையம் இருக்கிற திசையில் நான்கு பேரும் கையைக் காட்டினார்கள்.

ரயிலிலும் சோதனைதான். எதிர் சீட்டு அம்மாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "எதுவரைக்கும் போறீங்க?" என்று அன்பாகக் கேட்டாள். அடுத்த நிலையத்தில் நான்கு பேரும் இறங்கி, பெஞ்சியில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் குடித்து, நகர்கிற ரயிலில் ஓடி ஏறினார்கள். ஏறினதும் ஆவுடையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே யாரும் முழிச்சிருக்கக் கூடாது. தூங்குறவங்களை எவளும் கேள்வி கேட்க மாட்டா." அன்று ராத்திரி முழுவதும் நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல், மிகவும் கவனமாகத் தூங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைசூர் வந்து சேர்ந்தார்கள். புளிச்சாதத்தை முடித்துவிட்டு அரண்மனைக்குள் நுழைந்தார்கள். நல்ல கூட்டம். அவர்களுக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் போய்க்கொண்டிருந்தார்.

"முன்னால போறவர் பின்னாலேயே" என்றார் ஆண்டியப்பன்.

போனார்கள். தூணெல்லாம் பச்சையும் பொன்னுமாக இருந்தது என்கிறார்கள். கூரையில் மயில் மயிலாகக் கண்ணாடி பதித்திருந்தது என்கிறார்கள். இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் கட்டம் போட்ட சட்டையின் காலரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நின்றால் நின்றார்கள். அவர் இருமினால் பூதத்தானும் இருமினான். தப்பாகிவிடக் கூடாதே!

நடுவில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசினவர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். செருப்பை எடுத்தார். இவர்களும் எடுத்தார்கள். தெருவில் இறங்கினார். இறங்கினார்கள். ஒரு கடையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கினார். ஆவுடையம்மாளும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அரண்மனை ரொம்பப் பெருசா இருக்கே. கடையெல்லாம் உள்ளேயே வச்சிருக்காங்க" என்றாள் மாடத்தி.

"ராஜா வீடுன்னா சும்மாவா?"

கட்டம் போட்ட சட்டைக்காரர் இப்போது திரும்பிப் பார்த்தார். நான்கு பேர், நான்கு பேரும் தன்னையே பார்க்கிறார்கள், ஒருத்தி கையில் கொத்தமல்லி. நடையைக் கூட்டினார். கூட்டினார்கள். ஒரு சந்தில் திரும்பி ஓடினார். "ஓடுங்க, ஓடுங்க, விட்டா வழி தப்பிரும்!" என்று ஆவுடையம்மாள் கத்த, நான்கு பேரும் ஓடினார்கள். அவர் ஒரு வீட்டு வாசலில் போய் முட்டி நின்று, மூச்சிரைக்க, கொத்தமல்லிக் கட்டைக் கத்தி போல நீட்டிக்கொண்டு கன்னடத்தில் என்னவோ கேட்டார். இவர்கள் விழித்ததும் தமிழிலேயே கேட்டார். ஈரோட்டில் வேலை பார்த்தவராம்.

"யாருங்க நீங்க? உங்களுக்கு எங்கதான் போகணும்?"

கேட்டுவிட்டார். நான்கு பேரும் பெருமூச்சு விட்டு, செருப்பைக் கழற்றி, அவர் வீட்டுக்குள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் ஆண்டியப்பன்.

சட்டைக்காரர் மனைவி நல்ல பெண்மணி. யாரோ தன் மாமியார் வழி உறவு என்று நினைத்து, தண்ணீரோடு காப்பியும் கொடுத்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் ட்யூப் லைட்டைப் போட்டாள்.

நான்கு பேரும் சடாரென்று எழுந்து, கை கூப்பி, கண்ணை மூடி, ட்யூப் லைட்டைக் கும்பிட்டார்கள். வாசல் விளக்கைப் போட்டாள். அதையும் கும்பிட்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் மெதுவாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்த ஆவுடையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயையோ! விளக்கு போடுற நேரமாச்சே! கொஞ்ச நேரம்தான் எரியுமாமே! இந்த அரண்மனையில விளக்கு பார்க்கிற இடம் எதுங்க?"

"இது என் வீடும்மா" என்றார் அவர், அழுகிற குரலில்.

விஷயம் விளங்கியதும் அவரே ஓடிப் போய் ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். நான்கு பேரையும் ஏற்றினார். கன்னடத்தில் வழி சொன்னார், பணமும் அவரே கொடுத்தார். ஆட்டோக்காரர் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைசூர் மாதிரி நல்ல ஊர் கிடையாது என்று நான்கு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். அரண்மனை முன்னால் ஜனக்கூட்டம். எதிரே கறுப்பாக, மலை மாதிரி அரண்மனை. ஆவுடையம்மாள் முட்டி மோதி முன்வரிசைக்கு வந்து நின்றாள். காலண்டர் அட்டையில் பார்த்துப் பார்த்துக் கடுகைக் கரித்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே!

பளீரென்று லட்சம் பல்பும் எரிந்தது.

கூட்டம் "ஓ!" என்று கூவியது. நான்கு பேரும் கை கூப்பிக் கண்ணை மூடினார்கள்.

"அண்ணே" என்றான் பூதத்தான், கண்ணை மூடியபடியே. "எல்லாத்துக்கும் சேர்த்து மொத்தமா ஒரு கும்பிடு போடலாமா?"

"மொத்தமா போட்டா, எனக்குத்தான் போட்டாங்கன்னு எந்த பல்பு நினைக்கும்? வீட்டுல மூணு விளக்குக்கும் மொத்தமாவா போடுறோம்?"

"இல்ல."

"இங்க ராஜா வீட்டு விளக்கு. அதுக்குக் குறைச்சலா?"

வேறு வழியில்லை. ஒரு பல்புக்கு ஒன்றாகக் கும்பிடத் தொடங்கினார்கள். ஆவுடையம்மாள் இமைக்குள்ளே செக்கச்செவேலென்று வெளிச்சம் தெரிந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. பக்கத்தில் யாரோ, "பார்த்தியா, பார்த்தியா, கோபுரத்தைப் பாரு!" என்றார்கள். அவளுக்குத் துடித்தது.

"ஏங்க, ஒரே ஒரு கண்ணை மட்டும் திறந்துக்கட்டுமா?"

"பூதத்தான் சைக்கிள் என்ன ஆச்சு?"

"அவர் ரெண்டு கண்ணையும் திறந்தாரு. நான் ஒண்ணுதானே கேட்கேன்."

"அப்போ ஒரு சக்கரத்துல இறங்கும்" என்றார் ஆண்டியப்பன்.

அவளிடம் சைக்கிள் இல்லை. ஆனால் வேறு எதில் இறங்குமோ என்று பயம். உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகக் கும்பிட்டாள். கை வலித்தது. மாடத்தி நடுவில், "அக்கா, நான் கும்பிட்ட பல்பையே திரும்பக் கும்பிடுறேனோன்னு சந்தேகமா இருக்கு" என்றாள். "கண்ணு மூடியிருக்கிறப்போ எது எதுன்னு எப்படித் தெரியும்? நீ பாட்டுக்குப் போ" என்றாள் ஆவுடையம்மாள்.

வாத்தியம் நின்றது. இமைக்குள் இருந்த சிவப்பு சட்டென்று போனது. கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதுன்னு நினைக்கேன்" என்றார் ஆண்டியப்பன். "திறங்க."

திறந்தார்கள். கும்மிருட்டு. எதிரே கறுப்பாக, மலை மாதிரி அரண்மனை.

ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் அப்பவே சொன்னேனே! நாம வந்த அன்னைக்குப் பார்த்து எரியலையே!"

ஆண்டியப்பன் மூக்கை நீவினார். வெகு நேரம் நீவினார்.

"கரண்டு போயிட்டுது" என்றார். "ராஜா என்ன செய்வார், பாவம்."

"அண்ணே, மதினி பையில டார்ச் இருக்கு!"

இதற்காகத்தானே எடுத்து வந்தாள்! ஆவுடையம்மாள் டார்ச்சை எடுத்து அமுக்கினாள். நான்கு பேரும் கண்ணை மூடினார்கள். ஒரே பல்பு, ஒரே கும்பிடு, நொடியில் முடிந்தது. திறந்தார்கள்.

அரண்மனைமேல் ஒரு முறம் அகலத்துக்கு வட்டமாக வெளிச்சம். அதற்குள் ஒரு ஜன்னல் தெரிந்தது. நகர்த்தினாள். ஒரு தூண் தெரிந்தது. இன்னும் நகர்த்தினாள். வளைவு, மாடம், மறுபடி ஒரு ஜன்னல்.

"அக்கா, என்ன அழகு!"

"காலண்டர்ல இருக்கிற மாதிரியே இருக்குட்டி" என்றாள் ஆவுடையம்மாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒரு ஜன்னல் விடாம பார்த்திரணும்."

பாதி அரண்மனை பார்ப்பதற்குள் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்து, கம்பை ஆட்டிப் போகச் சொன்னார். ஆண்டியப்பன் டார்ச்சை வாங்கி, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"ராஜாகிட்ட குடுத்திருங்க. இவ்வளவு படிக்கட்டு இருக்கு. இருட்டுல தடுக்கி விழுந்திரப் போறாங்க."

ஊர் திரும்பினதும் கிளாடிஸ் டீச்சர் ஓடி வந்தார். "ஆவுடை, விளக்கு பார்த்தியா?"

"எங்க டீச்சர்? நாங்க போன நேரம் அங்க கரண்டு இல்ல. நாங்கதான் விளக்கு போட்டுட்டு வந்தோம்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இருட்டினதும், வீட்டு விளக்குகளையெல்லாம் கும்பிட்டு முடித்தபின், நான்கு பேரும் மைசூர் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, இன்னும் ஒரு கும்பிடு போடுகிறார்கள். அந்நேரம் அங்கே ராஜா இவர்கள் கொடுத்த டார்ச்சைப் போட்டிருப்பார் அல்லவா?

மற்ற மூன்று பேரும் அதன்பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஆவுடையம்மாளுக்குத்தான் தூக்கம் வராது. ராஜா படுக்கும்போது ஞாபகமாக அதை அணைக்க வேண்டுமே, இல்லையென்றால் செல் தீர்ந்துவிடுமே என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.