தலையாட்டிய செவலை

மருதங்காட்டின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. அதன் கீழ்க்கரையில் செவலை என்ற எருது கேழ்வரகு பயிர் செய்துவந்தது. முயல், பன்றி, ஆமை என்று எல்லோருடைய வயலுக்கும் முறை பிசகாமல் தண்ணீர் பிரித்துவிட்டதும் அதுதான். ஆகவே, காட்டு ராஜாவான சிங்கத்தின் சபைக்குக் கீழ்க்கரையிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும் என்றபோது, எல்லோரும் செவலையையே அனுப்பினார்கள்.

சபையில் செவலைக்கு வாய் எழவில்லை. மேல்காட்டு விலங்குகள் சரளமாகப் பேசின. செவலை எழுந்து நின்றால் வயல்காட்டுப் பேச்சுதான் வந்தது. ஒருநாள் குரங்குகள் சிரித்தே விட்டன.

அன்று மாலை மந்திரியான கீரி பக்கத்தில் வந்தது. "நீ ஏனப்பா சிரமப்படுகிறாய்? நான் பேசி முடித்ததும் தலையை ஆட்டு, போதும்" என்றது.

செவலை தலையாட்டத் தொடங்கியது. உட்கார நல்ல நிழல் கிடைத்தது. தொட்டி நிறையப் பருத்திக்கொட்டையும் கிடைத்தது. அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஊர்ப்பக்கம் போவதும் நின்றுபோயிற்று.

ஒரு கோடையில், நான்கு நாள் நடந்து ஆமை வந்து சேர்ந்தது.

"ஆமையக்கா, இந்த வெயிலிலா வந்தாய்?"

"வராமல் என்ன செய்வது? கீழ் மதகை அடைத்துவிட்டார்கள். நாற்றெல்லாம் கருகுகிறது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம்."

"யார் அடைக்கச் சொன்னது?"

"நீதான். ராஜாவின் குளத்துக்குத் தண்ணீர் போகட்டும் என்று சபையில் தலையாட்டினாயாமே!"

செவலைக்கு உடம்பெல்லாம் கூசியது. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கண் செருகி நின்ற நாள் அது. எதற்குத் தலையாட்டுகிறோம் என்றுகூட அது கேட்கவில்லை.

நேராக ராஜாவின் குளத்துக்குப் போனது. அத்தனை தண்ணீர் விட்டும் செவலையின் கால்குளம்பு நனையும் அளவுதான் நின்றது. இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டுச் சபைக்கு நடந்தது.

வாசலில் கீரி மறித்தது. "சொன்னதை மாற்றினால் பதவி போய்விடும். ராஜாவுக்குக் கோபம் வந்தால் உயிரும் போகும்."

செவலைக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே போய் நடுச்சபையில் நின்றது.

"ராஜா, மதகை அடைக்க நான் தலையாட்டினேன். என்னவென்று கேட்காமலே ஆட்டினேன். தப்பு என்னுடையது. கீழ்க்கரையில் பயிர் சாகிறது."

சிங்கம் உறுமியது. "அப்படியானால் என் குளம் காயட்டும் என்கிறாயா?"

"உங்கள் குளத்தின் அடி வெறும் மணல். ஏரியையே கவிழ்த்தாலும் உறிஞ்சிவிடும். களிமண் பரப்பி நன்றாக மிதித்தால் ஒரு மழைத் தண்ணீர் வருஷம் முழுக்க நிற்கும். நானே மிதித்துத் தருகிறேன்."

இந்த முறை குரங்குகள் சிரிக்கவில்லை. சிங்கம் கீரியைப் பார்த்தது. "இது உனக்குத் தெரியுமா?" கீரி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"குரங்குகளை அனுப்பி உடனே மதகைத் திற" என்று கீரிக்குக் கட்டளையிட்ட சிங்கம், செவலையிடம் திரும்பியது. "உன்னைச் சபையில் வைப்பதா வேண்டாமா என்பதை உன் ஊர் சொல்லட்டும்."

ஆமையை முதுகில் ஏற்றிக்கொண்டு செவலை ஊருக்கு ஓடியது. அது போய்ச் சேர்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றுகளில் பாதி போயிருந்தது. மீதி பாதி நிமிர்ந்து நின்றது. செவலை வயலில் இறங்கி நீண்ட பெருமூச்சு விட்டது. மூன்று வருஷமாகக் கழுத்தில் கிடந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

"இனிச் சபைக்கு நான் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்" என்றது, கரையில் கூடியிருந்த ஊராரிடம்.

முயல்களும் பன்றிகளும் ஆமைகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டன. பிறகு மூத்த முயல் சொன்னது: "நீயே போ. ஆனால் மாதம் ஒருமுறை இங்கே வந்து எங்களோடு களை பறிக்க வேண்டும்."

ஊருக்காகப் போன இடத்தில் கேட்காமல் தலையாட்டக் கூடாது. தெரியாமல் ஆட்டிவிட்டால், அதே சபையில் எழுந்து நின்று தவறை ஒப்புக்கொண்டு திருத்துகிறவரே ஊருக்கு உதவுவார்.