தென்னை நார் யாருக்கு ஆகாது?

குளத்தங்கரைப் புளியமரத்தின் நடுக்கிளையில் மின்னி என்ற அணில் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கே நாளில் குட்டி போடப் போகிறாள். எதிர்க்கரைத் தென்னையிலிருந்து பத்து நாளாக நாரைக் கடித்து இழுத்து வந்ததில் வாயெல்லாம் புண். ஆனாலும் கூடு கெட்டியாக, கதகதப்பாக அமைந்துவிட்டது.

அதே மரத்தின் உச்சிக் கிளையில் மையம்மா என்ற காக்கை இருந்தாள். அவளுக்கும் முட்டையிடும் பருவம்தான். சுள்ளி பொறுக்கி அடுக்கியதோடு சரி. உள்ளே மெத்தை போட நார் வேண்டும். அதற்கு அலைய உடம்பு வளையவில்லை. உடம்பு வளையாதவர்களுக்கு வாய் நன்றாக வளையும்!

மறுநாள் காலை அவள் கீழே இறங்கி வந்து மின்னியின் கூட்டை எட்டிப் பார்த்தாள்.

“அடிப்பாவி! தென்னை நாரா? பிள்ளைத்தாச்சி படுக்கிற இடமாடி இது?”

“ஏன்க்கா?”

“தென்னை நார் கொடுஞ்சூடு! இதுல பொறந்த குட்டிக்கு வாலே முளைக்காது!”

வால் இல்லாத அணிலா! மின்னி தன் வாலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நாருக்கெல்லாம் குணம் இருக்காக்கா?”

“பின்னே! நான் நார் வைத்தியமே பார்க்கிறவ. ஆந்தைக்குத் தூக்கம் வரல. இலவம்பஞ்சைத் தலைக்கு வைன்னேன். இப்போ பகலெல்லாம் தூங்குது! கொக்குக்கு முட்டிவலி. காலுல வாழைநாரைச் சுத்திவிட்டேன். இப்போ ஒத்தைக் கால்லயே நிக்குறாரு, போய்ப் பாரு!”

மின்னி குளத்தைப் பார்த்தாள். கொக்கு ஒற்றைக் காலில்தான் நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அணிலுக்கு ஓடக் கால் கொடுத்த கடவுள், நின்று யோசிக்க நேரம் கொடுக்கவில்லை போலும்.

“இப்போ நான் என்னக்கா செய்ய?”

“எல்லாத்தையும் கீழே எறி! இலவம்பஞ்சை மட்டும் வை. உடம்புக்குக் குளிர்ச்சி, மனசுக்கு நிம்மதி!”

மின்னி பத்து நாள் உழைப்பையும் கீழே எறிந்தாள். இலவமரத்துக்கு ஓடி ஓடிப் பஞ்சு கொண்டுவந்து நிரப்பினாள். அந்த நிம்மதி மறுநாள் சாயங்காலம் வரை இருந்தது. பிறகு காற்று கிளம்பியது. கூடு முழுதும் கண்ணெதிரே பறந்துபோனது. மிச்சம் வெறுங்கிளை! மேற்கே இடி உறுமியது. குட்டி பிறக்க இரண்டே நாள்!

அழுதுகொண்டே பஞ்சைத் துரத்தி உச்சிக் கிளைக்கு ஏறியவள் அப்படியே நின்றாள். மையம்மாவின் கூட்டில், தான் கடித்துக் கடித்துச் சுருட்டிய அதே நார்! அதன்மேல் மையம்மா சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா! இது சூடாச்சே?”

“எனக்குக் குளிர்ந்த உடம்புடி. சூடுதான் மருந்து!”

மின்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பக்கத்து மாமரத்தில் குயில் கூவியது. மையம்மா வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள். காக்கைக் கூட்டில் களவாக முட்டையிட்டுப் போவது குயிலின் வழக்கம். காக்கைக்கு அதைவிடப் பெரிய பயம் உலகத்தில் இல்லை.

மின்னி கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

“நீங்க சொன்னது சரிதான்க்கா. ஒவ்வொரு நாருக்கும் ஒரு குணம். இந்தத் தென்னை நார் வாசம்னா குயிலுக்கு உயிராமே?”

“யாருடி சொன்னது?”

“கொக்குதான். ஒத்தைக் கால்ல நின்னு சொல்றாரு!”

குயில் மறுபடி கூவியது, இன்னும் கிட்டத்தில். அவ்வளவுதான்! மையம்மா அலகாலும் காலாலும் நாரை வாரி வாரிக் கீழே எறிந்தாள். ஒரு இழைகூட விட்டுவைக்கவில்லை.

மின்னி பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் நடுக்கிளைக்கு இழுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மழை கொட்டியது. கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்ளே மூன்று குட்டிகள்! மின்னி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் வால்களைத்தான் எண்ணினாள். மூன்றும் இருந்தன.

உச்சியில், வெறும் சுள்ளிமேல் நனைந்துகொண்டே மையம்மா அடைகாத்தாள். குயில் நாரைப் பார்த்தா வருகிறது? மையம்மா இட்டது நாலு முட்டை, அடைகாத்தது ஐந்து!

‘இது உனக்கு ஆகாது’ என்று யாராவது சொன்னால், அதன்மேல் யாருக்குக் கண் என்று பார்த்துவிட்டு எறி.