ஏழிலிருந்து ஒன்பது வரை

ஒரு தடவைதான் சொல்வேன். பாதியில் எழுந்து போய் குக்கரை அணைத்துவிட்டு வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கக் கூடாது.

ஒரு மலை. அதன் மேல் ஒரு பெரிய தொலைநோக்கி. அதில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை ஒரு கருவிக்குள் விட்டு, நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். அந்த நிறங்களுக்கு நடுவே விழும் கறுப்புக் கோடுகளைப் பார்த்தே நட்சத்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பிரிப்பதற்கு கிரேட்டிங் என்று ஒரு தகடு. ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி தகடு மாறும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிச் சரிபார்க்க முழுசாக ஒரு மணி நேரம் ஆகும்.

ராத்திரிகளைப் பங்கு போடுவது ஒரு கமிட்டி. ஆறு மாதம் முன்னாலேயே எழுதிவிடுவார்கள், இன்ன தேதி இன்னாருக்கு என்று. அன்றைக்கு மேகம் வந்தால் போனது போனதுதான். மாற்று ராத்திரி கிடையாது.

பூங்கோதை என்ற ஆராய்ச்சி மாணவிக்கு ஐந்து ராத்திரி கொடுத்திருந்தார்கள். ஐந்திலும் மேகம். அவளுடைய நட்சத்திரம் ஒரு ஜோடி. பத்தாண்டுக்கு ஒரு முறை சின்னது பெரியதின் பின்னால் போகும். போகும்போது சின்னதின் வெளிச்சம் பெரியதின் காற்றுக்குள் புகுந்து வரும். அந்த ஒரு வாரம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். விட்டால் அடுத்த பத்தாண்டு. அவளுடைய உதவித்தொகைக்கோ நான்கு மாதம் மிச்சம். ஐந்து நாளும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். "மேகத்துக்கே உங்க பேரு மனப்பாடம் ஆயிருக்கும் மேடம்," என்றார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் சற்குணம். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஆறாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல் தெளிந்தது. அந்த ராத்திரி பேராசிரியர் ராயப்பனுடையது. மூன்றாம் நாள் போனில் அவரே சொல்லியிருந்தார், "கவலைப்படாதேம்மா, தெளியலைன்னா என் ராத்திரியில ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோ" என்று. ராத்திரி முழுக்க பஸ், காலையில் ஜீப் என்று வந்து இறங்கியவர் கையிலிருந்த பயணத் தலையணையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் சொன்னது வாஸ்தவம்தான். ஆனா நேத்து ஒரு ஏற்பாடு ஆயிடுச்சு."

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நண்பரும் இவரும் ஒரே நட்சத்திரத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதென்று ஏற்பாடு. இரண்டு பதிவும் சேர்ந்தால்தான் பிரயோஜனம். நண்பர் அங்கே உள்ள தொலைநோக்கியில் இதே ராத்திரியைக் கெஞ்சி வாங்கியிருக்கிறார். "முழு நேரமும் கூடவே இருப்பேன்னு வாக்கு கொடுத்துட்டேன்," என்றார் ராயப்பன்.

நாலு மணிக்கு டீ. அப்போதுதான் அங்கே ராத்திரித் திட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பலகையில் குத்துவார்கள். சற்குணம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தகடு மாட்டுவார். டீ குடிக்கும்போதே நண்பரிடமிருந்து செய்தி வந்தது. ராயப்பன் பெருமையாகப் படித்துக் காட்டினார்: "மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறேன். வந்து ஒரு தூக்கம். பிறகு ராத்திரி சந்திப்போம்."

பூங்கோதை டம்ளரை வைத்துவிட்டுத் திட்டத்தை எழுதினாள். ஏழிலிருந்து ஒன்பது, என் நட்சத்திரம். அதற்குள் மேற்கே இறங்கிவிடும். ஒன்பதிலிருந்து பத்து, தகடு மாற்றம். பத்திலிருந்து விடியும்வரை, சார்.

ராயப்பன் பேனாவை எடுத்து முதல் இரண்டு வரியையும் அடித்தார். ஏழிலிருந்து விடியும்வரை என்று தன் நட்சத்திரத்தை எழுதினார்.

"வாய்ல சொன்னதைவிட ஏற்பாடு பெருசும்மா."

அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ராயப்பன் கருவி அறைக்கு வந்தார். மாட்டியிருந்தது பூங்கோதையின் தகடு.

"என்ன சற்குணம் இது?"

"திட்டத்துல இருக்கறதைத்தான் மாட்டினேன் சார்."

"அதை நான் அடிச்சேனே."

"அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும் சார். போடாத அடித்தல் செல்லாது. ரூல்ஸ் நீங்க கமிட்டியில இருந்தப்போ போட்டதுதான்."

நாலு மணிக்கே கையெழுத்து இல்லாததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர் சற்குணம். இப்போதே கழற்றத் தொடங்கினால்தான் ஏழு மணிக்குள் சாரின் தகட்டை மாட்ட முடியும். ராயப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சுச் சத்தம் கேட்டுப் பூங்கோதை தலையைக் கூட வாராமல் வாசலில் வந்து நின்றாள். மூன்று பேருக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

நண்பருக்குக் கொடுத்த வாக்குக்காக மாணவிக்குக் கொடுத்த வாக்கை விட்டவர் ஒருவர். திட்டத்தை எழுதிவிட்டு, அடித்ததும் பேசாமல் போனவள் ஒருத்தி. கேட்காமல் தகடு மாட்டியவர் ஒருவர். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: திட்டம் எழுதிய பூங்கோதை. நமக்கு மாலை நாலு மணி ஆகும்போதுதான் நண்பர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார் என்றால், அங்கே கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் என்று அர்த்தம். இங்கே ஏழு என்றால் அங்கே மூன்றரை, பட்டப்பகல். இங்கே பத்தரை ஆன பிறகுதான் அங்கே இருட்டும். அதற்குள் இங்கே சாரின் தகடே மாட்டியாகிவிடும். இரண்டு வாக்கும் ஒரே ராத்திரியில் அடங்கும். சற்குணம் இரக்கத்தில் மாட்டினார். கணக்கு அவருக்கும் தெரியாது, பலித்தது அதிர்ஷ்டம். ராயப்பன் வாக்கை மதித்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பூங்கோதைக்கும் முழு மார்க் கிடையாது. முப்பது வருஷமாக வானத்தைப் பார்க்கிறவருக்கு இதைப் போய் விளக்குவதா என்று நாலு மணிக்கு அவள் விழுங்கிய ஒரு வாக்கியத்தில் பத்தாண்டு போயிருக்கும். ஆறு மணிக்கு அதைச் சொன்னாள்: "சார், அங்கே இன்னும் பொழுது சாயலையே." ராயப்பன் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து, "ஒன்பது மணிக்கு என்னை எழுப்பும்மா," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.