கவிஞரின் குப்பைக்கூடை

நூலகத் தலைவர் கவிஞர் பரிதிவாணருக்குக் கவிதைப் பட்டறை என்றாலே எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலக அறையொன்றில் நடந்துகொண்டிருந்த பட்டறைக்குள் நேரே நுழைந்து, “கவிதை ஒரே மூச்சில் வரணும். திருத்தித் திருத்தி எழுதுறவன் கவிஞனா? அறையைப் பூட்டுங்க!” என்று சத்தம் போட்டார்.

நூலகத்தைப் பெருக்கும் செண்பகவல்லியும் அந்தப் பட்டறையில் எழுதுகிறவள்தான். எழுந்து, ஒரு கசங்கிய தாளை நீவிவிட்டுப் படித்தாள்.

கவிஞர் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தக் கண்றாவியை எந்தப் பட்டறையும் தேற்ற முடியாது!”

“தேறிடுச்சுங்கய்யா. இன்னும் பதினோரு தாள் கசங்கினப்புறம், போன வருஷம் உங்களுக்குப் பரிசே வாங்கிக் கொடுத்துச்சு. உங்க கையெழுத்துதான், பாருங்க. உங்க பட்டறை குப்பைக்கூடையில நடக்குது. எங்களுக்கு ஒரு அறை வேணும்ங்க.”

அறையை யாரும் பூட்டவில்லை. கவிஞர்தான் அன்று முதல் தன் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.