உள்பக்கம் திறக்கும் கதவு

வேலுத்தாய் புகையில் மூச்சு முட்டிச் செத்தாள். ஒரு மாதம் கழித்து, பனியன் கம்பெனி தீ விபத்து பற்றிய அறிக்கை அவளைக் கொலைகாரி ஆக்கியது.

"கதவருகே முதலில் வந்த தையல் தொழிலாளி, பதற்றத்தில் கதவைத் திறக்காமல் அடைத்துக்கொண்டு நின்றதால், பின்னால் இருந்த பதினெட்டுப் பேரும் வெளியேற இயலவில்லை."

எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தக் கதவை இழுத்துப் பார்க்கவில்லை. அது எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதக்கூட இல்லை.

தெரு நம்பியது. அவள் புருஷன் சன்னாசியும் பாதி நம்பினான். அந்தப் பாதிதான் அவனைத் தின்றது.

அவன் அதே கம்பெனியில் மூட்டை தூக்குபவன். வயது நாற்பத்திரண்டு. மகள் படிக்கும் பள்ளிக்கு, இயற்பியல் எடுக்கும் நிலோஃபர் டீச்சரைத் தேடிப் போனான். டீச்சருக்கு இருபத்தாறு.

"டீச்சர், அந்தக் கதவை நான் ஒத்தை விரலால இழுத்துத் திறப்பேன். இவ ரெண்டு குடம் தண்ணியோட மாடி ஏறுறவ. ஏன் திறக்கல?"

"பயந்துட்டாங்கன்னு நினைக்கிறீங்களாண்ணே?"

"ஊரே சொல்லுது."

"நான் ஊரைக் கேக்கல."



டீச்சர் அவனை வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அதுவும் உள்பக்கம் திறக்கும் கதவு.

"இழுங்க."

ஒரு விரலால் இழுத்தான். திறந்தது.

"எப்படித் திறந்துச்சு?"

"லேசான கதவு."

"அப்படியா? இப்ப கீல் ஓரத்துல விரலை வச்சுத் தள்ளுங்க."

தள்ளினான். விரல் வலித்தது. கதவு முரண்டு பிடித்தது.

"அதே கதவுதான். கீல்லருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ, அவ்வளவு கொஞ்ச பலம் போதும். கைப்பிடி அதுக்குத்தான் அந்த ஓரத்துல இருக்கு."

மறுபடி சாத்தினாள். பெஞ்சுகளில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"இவருக்குப் பின்னால நின்னு கதவைப் பார்த்துத் தள்ளுங்க. நான் கை தட்டினா உடனே விலகிடணும்."

பதினோரு பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"விழுந்துடாதீங்க மாமா," என்றாள் ஒருத்தி.

தள்ளினார்கள்.

நூறு கிலோ சுமக்கும் தோள் பலகையோடு ஒட்டியது. கை கைப்பிடியில்தான் இருந்தது. இழுத்தான். கதவு சுவராகிவிட்டது. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்வதற்கு நெஞ்சில் காற்று இல்லை.

டீச்சர் கை தட்டினாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க தள்ளினதும் கைப்பிடி ஓரத்துலதாண்ணே. நீங்க இழுக்கறதுக்கு நேர் எதிரா. நீங்க ஒரு ஆள், அவங்க பதினொண்ணு."

"அங்க பதினெட்டு டீச்சர்."

"ஆமா."

"அப்ப இவ இழுத்துக்கிட்டுதான் இருந்திருக்கா."

டீச்சர் தலையசைத்தாள்.

"தள்ளுனவங்கதான் கொன்னுட்டாங்க."

"அவங்களும் செத்துட்டாங்க. உயிருக்குப் பயந்து தள்ளினவங்க மேல இன்னொரு பழியா? வெளிப்பக்கம் திறக்கற கதவா இருந்தா, அதே தள்ளு எல்லாரையும் வெளிய கொண்டு வந்து போட்டிருக்கும். அந்தக் கதவை ஏன் உள்பக்கம் வச்சாங்க? அதைக் கேளுங்க."

சன்னாசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"முன்ன வெளிப்பக்கந்தான் திறந்துச்சு."

"அப்புறம்?"

"கதவுக்கு வெளிய நடையில துணி மூட்டை அடுக்குனோம். கதவு அதுல இடிச்சுச்சு. ஆசாரியைக் கூப்பிட்டுத் திருப்பி மாட்டுனாங்க."

"யார் அடுக்கினது?"

அவன் எழுந்து போய்விட்டான்.

மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டான். இரண்டு மாதம் அலையவிட்டுக் கூப்பிட்டார்கள். விசாரணை அலுவலக வாசலில் கம்பெனி மேனேஜர் நின்றிருந்தார்.

"சன்னாசி, பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. அவளை யாரும் இனி ஜெயில்ல போடப் போறதில்ல. மூட்டைப் பேச்சை எடுத்தா முதல்ல உள்ள போறவன் நீ. மக படிக்குதுல்ல?"

அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். மேனேஜரும் பின்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சன்னாசிக்கு நாற்காலி போடவில்லை.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார்.

"உன் சம்சாரம் கதவை அடைக்கலேங்கறே. சரி. பின்ன யார்தான்யா அடைச்சது?"

"நாங்கய்யா. கதவு வெளிய திறக்க முடியாம மூட்டை அடுக்குனது நான். அடுக்கச் சொல்லி, கதவைத் திருப்பி மாட்ட வச்சது இந்தா உக்காந்திருக்காரே, இவரு. அவ பேரை அடிச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் எழுதுங்க."