சிலாநிதி பண்டிதரின் நாக்கு

மலைகளுக்குக்கூட ராஜாவைக் கேட்டுத்தான் பெயர் வைத்த காலம் அது. கருங்குன்ற நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரித்தால் ஊரைக் கொடுப்பார். மாலையில் தும்மினால் பிடுங்கிக்கொள்வார்.

அவருடைய சுரங்கங்களுக்கு நிலநூல் பண்டிதர் சிலாநிதி. தங்கம் தேடி மலை மலையாக அலைபவர்கள் கொண்டுவரும் கல்லை நக்கிப் பார்த்தே தங்கம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். உண்டென்றால், கண்டெடுத்தவருக்கே அந்த மலையைத் தோண்டும் உரிமை. இல்லையென்றால் மலை சும்மா கிடக்கும். கொஞ்ச நாளில் பண்டிதரின் மைத்துனர் போய்ச் சத்தமில்லாமல் தோண்டிக்கொண்டிருப்பார்.

அப்படித் தங்கம் தேடி அலைந்த காராயிக்கு இப்படியே இரண்டு மலை போயிற்று. வாய்த்துடுக்கு மிகுந்தவள்தான், ஆனாலும் இரண்டாவது போன அன்று அழுதுவிட்டாள். நரிமலையில் மறுபடி கல் கிடைத்ததும், இதையும் விட்டால் நான் காராயி இல்லை என்று கறுவிக்கொண்டு அரசவைக்கு வந்தாள்.

மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினாள். பண்டிதர் கண்ணை மூடி நக்கினார்.

"வெறும் கல், மகாராஜா. இது கிடந்த இடத்தில் குண்டுமணித் தங்கம்கூடக் கிடைக்காது."

"அடப்பாவமே. இது உங்க சுரங்கத்து வண்டியிலிருந்து வழியில விழுந்த கல்லுங்க, மகாராஜா. பண்டிதர் சொல்லித்தானே அங்க தோண்டினீங்க?"

ராஜாவின் கிரீடமே அந்தச் சுரங்கத்துத் தங்கம்தான். அவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பண்டிதரோ, காலையில் போட்ட வெற்றிலை நாக்கைக் கெடுத்துவிட்டது என்று குழறினார்.

காராயி இரண்டாவது கல்லை நீட்டினாள். இந்த முறை பண்டிதர் வம்பை விலைக்கு வாங்கத் தயாராக இல்லை. லேசாக நக்கிவிட்டு, "சொக்கத் தங்கம், மகாராஜா. உடனே தோண்டலாம்" என்றார்.

"அப்போ யானைக் கொட்டிலைக் காலி பண்ணச் சொல்லுங்க, மகாராஜா. வர்ற வழியில அந்தக் கொட்டில்ல பட்டத்து யானை காலடியிலதான் பொறுக்கினேன்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பண்டிதர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார், யாரும் நகரவில்லை.

மூன்றாவதாக நரிமலைக் கல் வந்தது. பண்டிதர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா கொல்லனை அழைத்து, கல்லைப் பொடித்து உலையில் வைக்கச் சொன்னார். பொடியை உருக்கிய மண்கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஒரு மணி மின்னியது. காராயிக்கு நரிமலை கிடைத்தது. மைத்துனர் வளைத்துக்கொண்ட இரண்டு மலைகளும் திரும்பி வந்தன.

பண்டிதரை ராஜா விரட்டவில்லை. யானைக் கொட்டிலில் தங்கம் இருப்பதாகச் சொன்னவர் அவர்தானே. கையில் மண்வெட்டியைக் கொடுத்து, கிடைக்கும்வரை தோண்டச் சொல்லிவிட்டார்.